சாலையில் நின்ற காரை யார் இழுத்துச் செல்லலாம்? வாசகர் கேள்விகளும் சட்ட விளக்கமும்

இழுவை வண்டிகளைப் பற்றிய கடிதங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் சில மாதங்களாகவே வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிகளில் பதில் சொல்வதைவிட, இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் இந்தப் பொருளுக்கே ஒதுக்குவது பயன் தரும் என்று கருதினேன். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குற்றம் சாட்டிய நிறுவனங்களின் பெயர்களையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, என் மகன் வேலை முடிந்து ஹிக்கின்சன் நெடுஞ்சாலை வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த வண்டி அவன் காரில் மோதிவிட்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. போலீஸ் வருவதற்கு முன்பே இரண்டு இழுவை வண்டிகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றின் ஓட்டுநர் கேட்காமலேயே காரைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் சாலையை அடைத்ததற்காகப் போலீஸ் உங்களைப் பிடிக்கும்" என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மறுநாள், இழுத்துவந்த வண்டிகளை நிறுத்திவைக்கும் அவர்களுடைய யார்டுக்குப் போனபோது 14,800 ரேண்ட் கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் தொகை ஏறும் என்றும் சொன்னார்கள். காப்பீட்டு நிறுவனமோ, தங்கள் பட்டியலில் இல்லாத வண்டி இழுத்துச் சென்றதால் முழுத் தொகையையும் தர இயலாது என்கிறது. இது சட்டப்படி செல்லுமா? காரை எப்படி மீட்பது?
(சாட்ஸ்வொர்த் வாசகி)

பதில்: அம்மா, உங்கள் மகன் உடலில் கீறல் இல்லாமல் வீடு திரும்பியதே முதல் ஆறுதல். நடந்தது முறையற்றது என்பதே என் கருத்து. அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் முறையற்றது என்று நிரூபிப்பது ஒரு வேலை, காரை வெளியே எடுப்பது வேறொரு வேலை. இரண்டாவதை உடனே செய்தாக வேண்டும்.

விபத்து நடந்த இடத்திலிருந்து வாகனத்தை அகற்றுவது பற்றி 1996-ஆம் ஆண்டின் 93-ஆம் எண் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு தெளிவாகப் பேசுகிறது. விபத்தில் யாரேனும் இறந்திருந்தாலோ காயமடைந்திருந்தாலோ, போக்குவரத்து அதிகாரியின் அனுமதி கிடைக்கும்வரை வாகனத்தை அது நின்ற இடத்திலிருந்து யாரும் அகற்றக் கூடாது. சாலை முழுவதுமாக அடைபட்டுப்போனால் மட்டும், வாகனம் நின்ற இடத்தைத் தரையில் அடையாளமிட்டுவிட்டு, மற்ற வண்டிகள் போகும் அளவுக்கு நகர்த்தி வைக்கலாம். எந்த விபத்தாக இருந்தாலும், போக்குவரத்துக்கு வழிவிடும் அளவுக்கு நகர்த்துவதைத் தவிர, உரிமையாளர், ஓட்டுநர் அல்லது வாகனத்தைச் சட்டப்படி பொறுப்பேற்கக்கூடியவரின் அனுமதி இல்லாமல் அதை அந்த இடத்திலிருந்து எடுத்துச் செல்லக் கூடாது என்பதும் அதே பிரிவில் உண்டு. ஆகவே உங்கள் மகனிடம் கேட்காமல் கொக்கியை மாட்டிக் காரைத் தூக்கத் தொடங்கியபோது அந்த ஓட்டுநருக்கு அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. வண்டி ஓடும் நிலையில் இருந்திருந்தால் உங்கள் மகனே அதைச் சாலையோரத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். யாருக்கும் காயமில்லாத விபத்தில் அதற்காக யாரும் அவரைப் பிடித்திருக்க மாட்டார்கள். விபத்தைப் பற்றிப் போலீசிடம் தெரிவிக்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் காயமோ உயிரிழப்போ இல்லாதபோது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவித்தால் போதும். காயமோ உயிரிழப்போ இருந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். போலீஸ் பிடிக்கும் என்று அந்த ஓட்டுநர் மிரட்டியது கையெழுத்து வாங்குவதற்காகச் சொன்ன பொய்.

இனி அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படிவத்தின் நகலை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். அரைத் தாள் அளவு. மேலே வாகனத்தின் எண்ணும் தேதியும் இருக்கின்றன. நடுவில் இழுவைக் கட்டணம், கிலோமீட்டர் கட்டணம், இரவு நேரக் கூடுதல், நாள்வாரிக் காப்பகக் கட்டணம் என்று கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூடத் தொகை எழுதப்படவில்லை. எல்லாம் வெறுமையாக இருக்க, கீழே எறும்பு ஊர்வதுபோன்ற சிறிய எழுத்துகளில், நிறுவனம் தீர்மானிக்கும் எல்லாக் கட்டணங்களையும் ஏற்பதாகவும், அவை செலுத்தப்படும்வரை வாகனத்தை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டென்றும் ஒரு வாசகம். அதற்குக் கீழே உங்கள் மகனின் கையெழுத்து. மாலை வெளிச்சத்தில், காரின் பானெட்டின் மேல் வைத்து, கை நடுங்கப் போட்ட கையெழுத்து என்பது அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இப்படி வாங்கிய கையெழுத்து அப்படியே செல்லுபடியாகிவிடும் என்று அந்த நிறுவனம் எண்ணினால் அது தவறு. 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வற்புறுத்தல், மிரட்டல், தகாத நெருக்கடி ஆகியவற்றைக் கையாண்டு ஒரு சேவையை விற்பதைத் தடை செய்கிறது. 41-ஆவது பிரிவு பொய்யான அல்லது திசைதிருப்பும் கூற்றுகளைத் தடை செய்கிறது. போலீஸ் பிடிக்கும் என்ற மிரட்டல் இதற்குள் வரும். 48-ஆவது பிரிவு நியாயமற்ற விலையையும் நிபந்தனையையும் தடுக்கிறது. நுகர்வோரின் பொறுப்பை அதிகப்படுத்தும் நிபந்தனைகளை அவர் கண்ணில் படும்படி, எளிய மொழியில், படித்துப் புரிந்துகொள்ள அவகாசம் கொடுத்துக் காட்ட வேண்டும் என்கிறது 49-ஆவது பிரிவு. உங்கள் மகனுக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. நீதிமன்றம் இத்தகைய ஒப்பந்தத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ நீக்கலாம். வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடலாம்.

அப்படியானால் காரை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? நம் நாட்டுச் சட்டத்தில், ஒரு பொருளுக்காக உழைத்தவரோ செலவழித்தவரோ தனக்குரிய தொகை வரும்வரை அப்பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. பழுது பார்க்கும் கடைக்காரர் கூலி வரும்வரை வண்டியை விடாமல் வைத்திருப்பது இந்த உரிமையால்தான். இழுவை நிறுவனங்களும் இதையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் இந்த உரிமை உண்மையான ஒப்பந்தம் ஒன்றிலிருந்தோ அவசியமான செலவிலிருந்தோ பிறக்க வேண்டும். ஒப்பந்தமே நெருக்கடியில் பறிக்கப்பட்டது என்றால், அவர்கள் அதிகபட்சமாகக் கேட்கக்கூடியது நியாயமான இழுவைச் செலவு மட்டுமே. மனம்போன போக்கில் எழுதிய பட்டியல் முழுவதும் அன்று. அதோடு, பிடித்துவைக்கப்பட்ட பொருளுக்கு ஈடாகப் பொருத்தமான பிணைத் தொகை கொடுக்கப்பட்டால் பொருளை விடுவிக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றே அந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம், மின்னஞ்சலிலோ வாட்ஸப்பிலோ, கட்டணங்களை இனவாரியாகப் பிரித்துக் காட்டும் பட்டியலைக் கேளுங்கள். கையெழுத்து எந்தச் சூழ்நிலையில் வாங்கப்பட்டது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். தகராறுக்குரிய தொகையை, வழக்கறிஞர் பிறர் பணத்தைப் பொறுப்பாக வைத்திருக்கும் தனிக் கணக்கில் வைப்பதாகச் சொல்லிக் காரைக் கேட்டுப் பாருங்கள். மறுத்துவிட்டால், என் அறிவுரை கசப்பாக இருந்தாலும் இதுதான்: பணத்தைக் கட்டிக் காரை எடுத்துவிடுங்கள், ஆனால் ரசீதிலும் தனிக் கடிதத்திலும் "மறுப்புடன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். தன் பொருளை மீட்பதற்காக வேறு வழியில்லாமல், மறுப்பைத் தெரிவித்துக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க நம் சட்டம் இடம் தருகிறது. வாதாடிக்கொண்டே வாரக்கணக்கில் காரை அங்கே விட்டுவைத்தால், காப்பகக் கட்டணம் காரின் மதிப்பையே தின்றுவிடும். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

பிறகு சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதன் வரம்பு 20,000 ரேண்ட். உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. வழக்கறிஞர் தேவையில்லை, வழக்கறிஞரை வைத்து வாதாட எதிர்த்தரப்புக்கும் அனுமதி இல்லை. முதலில் தொகையைத் திருப்பித் தரும்படி கோரிக்கைக் கடிதம் கொடுத்து 14 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகு நீதிமன்ற எழுத்தரிடம் அந்தக் கடிதத்தையும், அது கொடுக்கப்பட்டதற்கான ஆதாரத்தையும், ரசீதையும், படிவத்தின் நகலையும் எடுத்துச் சென்றால் அவரே அழைப்பாணை தயாரிக்க உதவுவார். வழக்குத் தொடர்பவர் கார் யார் பெயரில் இருக்கிறதோ, பணம் யார் கட்டினாரோ அவராக இருப்பது நல்லது. தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் பதிவு செய்யுங்கள். அது உங்கள் பணத்தை உடனே மீட்டுத் தராவிட்டாலும், அதே நிறுவனத்தின்மேல் அடுத்தவர் கொடுக்கும் புகாருக்கு வலு சேர்க்கும்.

காப்பீட்டு நிறுவனத்தின் பதிலையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். அனுமதிக்கப்பட்ட வண்டியை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. ஆனால் ஓட்டுநர் தாமாகத் தேர்ந்தெடுத்தது வேறு, அவர்மேல் திணிக்கப்பட்டது வேறு. இதை எழுத்தில் விளக்கி மறுபரிசீலனை கேளுங்கள். மறுத்தால், 2024 மார்ச் 1 முதல் இயங்கிவரும் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்புக்குக் கட்டணமின்றி முறையிடலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும், குறிப்பாகப் புதிதாக உரிமம் வாங்கிய பிள்ளைகள் உள்ள வீட்டினருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் விபத்து உதவி எண்ணைக் கண்ணாடியில் ஒட்டி வைப்பதோடு பிள்ளைகளின் கைபேசியிலும் பதிந்து கொடுங்கள். விபத்து நடந்தால் முதல் அழைப்பு அந்த எண்ணுக்கு. அவர்கள் அனுப்பும் வண்டியின் பதிவெண்ணையோ குறிப்பெண்ணையோ கேட்டு வாங்க வேண்டும். வேறு எந்த வண்டி முன்னால் வந்து நின்றாலும், "என் காப்பீட்டு நிறுவனம் வண்டி அனுப்பிவிட்டது, நான் அனுமதி தரவில்லை" என்று உரக்கச் சொல்லி, அதைக் கைபேசியில் பதிவு செய்ய வேண்டும். விபத்தை முதலில் பார்த்துத் தகவல் சொல்பவருக்குப் பணம் தரும் வழக்கம் இத்தொழிலில் இருக்கிறது. அதனால்தான் காவலரை முந்திக்கொண்டு கொக்கி வந்து நிற்கிறது. உண்மையான லாபம் இழுப்பதைவிட யார்டில் நிற்கும் நாட்களிலும், கார் நசுங்கிய உடற்பகுதியைச் சரிசெய்யும் எந்தப் பேனல் பீட்டரிடம் போகிறது என்பதிலும் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அவர்களுடைய அவசரம் புரியும். தனியாக இருக்கும்போது சுற்றி நின்று மிரட்டினால், காரைவிட உயிர் பெரிது: கதவைப் பூட்டிக்கொண்டு 10111-க்கு அழைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிர்வாகக் குழு ஒரு தனியார் ஒப்பந்தக்காரரை வைத்திருக்கிறது. என்னைப் பார்க்க வந்த அக்காவின் கார் தவறான இடத்தில் நின்றதாகச் சொல்லிச் சக்கரப் பூட்டு போட்டுவிட்டார்கள். ரொக்கமாகப் பணம் கொடுத்தால்தான் எடுப்போம், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போவோம் என்றார்கள். விதியில் இருக்கிறது என்கிறார் குழுத் தலைவர். உண்மையா?
(பீனிக்ஸ் வாசகர்)

பதில்: குழுத் தலைவர் பழைய விதியை மனத்தில் வைத்துக்கொண்டு பேசியிருக்கக்கூடும். அடுக்குமாடி வீடுகளைத் தனித்தனியாகச் சொந்தமாக்கிக்கொள்வது பற்றிய 1986-ஆம் ஆண்டின் பகுதி உரிமைச் சட்டத்தின் கீழ் இருந்த மாதிரி நடத்தை விதிகளில், அனுமதியின்றிப் பொது இடத்தில் நிறுத்தப்பட்ட வாகனத்தை அதன் உரிமையாளரின் செலவில் இழுத்துச் செல்லக் குழுவுக்கு அதிகாரம் தரும் வாசகம் இருந்தது. 2016 அக்டோபர் 7 அன்று நடைமுறைக்கு வந்த புதிய மாதிரி விதிகளில் வாகனம் நிறுத்துவதற்கான கட்டுப்பாடு இருக்கிறதே தவிர, அந்த இழுவை அதிகாரம் இல்லை. உங்கள் குடியிருப்பு தனக்கென்று விதிகளை நிறைவேற்றிப் பதிவு செய்திருக்கலாம். ஆகவே முதலில் பதிவு செய்யப்பட்ட விதிகளின் நகலைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

விதி இருந்தாலும் அது உறுப்பினர்களையும் குடியிருப்பவர்களையும்தான் கட்டுப்படுத்துகிறது. வெளியிலிருந்து வந்த உங்கள் அக்காவை அப்படியே கட்டுப்படுத்தாது. ஒருவர் அமைதியாக வைத்திருக்கும் பொருளை, நீதிமன்ற உத்தரவோ சட்டம் தந்த அதிகாரமோ ஒப்புதலோ இல்லாமல் மற்றவர் தம் கையால் பறிக்கக் கூடாது என்பது நம் சட்டத்தின் பழைய, உறுதியான கோட்பாடு. அப்படிப் பறிக்கப்பட்டால், யார் சரி யார் தவறு என்று விசாரிப்பதற்கு முன்பே பொருளைத் திருப்பி ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடும். இந்த உத்தரவை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே அவசர மனுவாகக் கேட்கலாம். உரிமையாளரின் சம்மதமோ தகுந்த காரணமோ இல்லாமல் வாகனத்தின் உறுப்புகளிலோ வெளிப்பகுதியிலோ கை வைப்பதைச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 66-ஆவது பிரிவும் தடை செய்கிறது. நுழைவாயிலில் பெரிய எழுத்தில் எச்சரிக்கைப் பலகை இருந்தால், அதைப் பார்த்து உள்ளே வந்தவர் ஒப்புக்கொண்டதாக அவர்கள் வாதிடலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலகை எங்கே, எந்த அளவில் இருந்தது என்பதைப் படமெடுத்து வையுங்கள். நிர்வாகக் குழுவுடனான உங்கள் தகராறைச் சமூகக் குடியிருப்புத் திட்டங்களுக்கான குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு, அதாவது சிசாஸ் என்று பலரும் அழைக்கும் அலுவலகத்துக்கு, எடுத்துச் செல்லலாம்.

வருகையாளர் இடத்தை மறித்து நிறுத்துவதும் அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல்தான். குழு எழுத்து மூலம் எச்சரித்து, விதிப்படி உரிய முறையில் அபராதம் விதிக்கட்டும். ரசீது தராமல் ரொக்கம் வாங்கும் ஒருவரிடம் அந்த அதிகாரத்தை ஒப்படைத்தது குழுவின் பெரிய தவறு.

கேள்வி: தைப்பூசக் காவடியன்று கோயில் தெருவில் நிறுத்திய காரை மெட்ரோ போலீஸ் இழுத்துச் சென்றது. திருவிழா நாளில் இப்படிச் செய்யலாமா?
(டோங்காட் வாசகர்)

பதில்: செய்யலாம். போக்குவரத்தும் வாகன நிறுத்தமும் அரசமைப்பின்படி உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. தடை செய்யப்பட்ட இடத்திலோ, அடுத்தவர் வீட்டு வாயிலை மறித்தோ, தீயணைப்புக் குழாயருகிலோ நின்ற வாகனத்தை அகற்றவும் அதன் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் அதிகாரிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. திருவிழாவுக்கு விலக்கு இல்லை. ஆனால் கட்டணம் மாநகராட்சி வெளியிட்ட கட்டணப் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும், ரசீது தரப்பட வேண்டும். எந்த விதியை மீறியதற்காக அகற்றப்பட்டது என்ற காரணத்தை எழுத்தில் கேட்க, நிர்வாக நீதிச் சட்டத்தின் கீழ் உங்களுக்கு 90 நாள் அவகாசம் இருக்கிறது. கோயில் நிர்வாகங்கள் திருவிழாவுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே மெட்ரோ போலீசுடன் பேசித் தற்காலிக நிறுத்துமிடத்தை ஏற்பாடு செய்து, அதைப் பக்தர்களுக்கு அறிவித்தால், காவடி எடுத்து வந்தவர் களைத்த காலோடு காரைத் தேடி அலைய நேராது.

கேள்வி: நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பல ஆண்டுகளாக இழுவை வண்டி ஓட்டுகிறேன். என்3 நெடுஞ்சாலையில் டவுன் ஹில் இறக்கத்தில் நள்ளிரவில் கவிழ்ந்த லாரிகளுக்கு நடுவே நின்று வேலை செய்பவர்கள் நாங்கள். சிலர் செய்யும் அநியாயத்துக்காக எல்லோரையும் கொள்ளைக்காரர்கள் என்று பேசுவது வேதனையாக இருக்கிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் வேதனை நியாயமானது. பனிமூட்டத்திலும் மழையிலும் அந்த இறக்கத்தில் உங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் பாதை திறக்காது, நசுங்கிய வண்டிக்குள் இருப்பவரை வெளியே எடுக்கவும் தாமதமாகும். நேர்மையாகத் தொழில் செய்பவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் கண்ணால் பார்க்கும்படி செய்வதுதான் வழி. இழுவை வண்டி ஓட்டுபவருக்குத் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி கட்டாயம். வண்டியைத் தொழிலுக்காக இயக்குபவரின் பதிவைக் காட்டும் அட்டையும் (operator card) நடப்பில் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்காமலேயே காட்டுங்கள். கொக்கியை மாட்டுவதற்கு முன் தொகையைப் படிவத்தில் எழுதி, எங்கே கொண்டுபோகிறீர்கள், ஒரு நாளைக்குக் காப்பகக் கட்டணம் எவ்வளவு என்பதையும் எழுதி, நகலைக் கையில் கொடுங்கள். தென்னாப்பிரிக்க இழுவை மற்றும் மீட்புச் சங்கம் போன்ற அமைப்பில் உங்கள் நிறுவனம் உறுப்பினரா என்பதை வண்டியிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். தகவல் தருவதற்காகச் சீருடையில் இருப்பவருக்குப் பணம் கொடுப்பது 2004-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் குற்றம். அதை நேரில் பார்த்த உங்களைப் போன்ற ஒருவரின் வாக்குமூலத்துக்கு, ஏமாந்தவர்களின் பத்துப் புகாருக்கு இல்லாத வலிமை உண்டு.

கேள்வி: யார்டில் நிற்கும் காருக்குள் பிள்ளையின் பள்ளிப் பையும் என் மருந்துகளும் இருக்கின்றன. பணம் கட்டாமல் அவற்றைக்கூடத் தரமாட்டோம் என்கிறார்கள்.
(சாட்ஸ்வொர்த், மற்றொரு வாசகர்)

பதில்: பிடித்துவைக்கும் உரிமை இருந்தாலும், அது உழைப்போ செலவோ செய்யப்பட்ட பொருளின் மேல்தான், காருக்குள் கிடக்கும் உங்கள் சொந்தப் பொருள்களின் மேல் அன்று. இதை எழுத்தில் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், பொருள்களின் பட்டியலோடு அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போய் உதவி கேளுங்கள். மருந்து என்பதை முதலில் சொல்லுங்கள். உள்ளே போகும்போது காரின் நான்கு பக்கங்களையும், ஓடோமீட்டரையும், பேட்டரியையும், உதிரிச் சக்கரத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். தம்மிடம் உள்ள நுகர்வோரின் உடைமையைக் கவனத்துடன் காக்கும் பொறுப்பை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு அவர்கள்மேல் சுமத்துகிறது. பிற்பாடு ஏதேனும் குறைந்தால் கேட்பதற்கு அந்தப் படங்கள்தான் ஆதாரம்.